பெரிய வெள்ளிப் பாட்டு: கால்மிதி ஆர்கனில் அதற்கு முன்னால் என்ன வாசிப்பது?

கேள்வி — கோத்தகிரி டீச்சர்

எல்லோருக்கும் தோத்திரம்.

கோத்தகிரி பக்கம் ஒரு சின்ன சபையில் ஆர்கன் வாசிக்கிறேன். வார நாளில் பள்ளிக்கூடம், ஞாயிறு காலையில் ஆர்கன். எங்களிடம் இருப்பது பைப் ஆர்கன் இல்லை, பழைய கால்மிதி ஆர்கன்தான். 61 கட்டை, காற்றுக்கு இரண்டு மிதி, முழங்காலால் தள்ளும் பலகை இரண்டு, குரலை மாற்ற இழுக்கும் ஸ்டாப் ஒன்பது. அதில் ஏழு வேலை செய்கிறது. காலால் வாசிக்கும் சுரக்கட்டை கிடையாது.

பெரிய வெள்ளி மூன்று மணி நேர ஆராதனையில், சிலுவையில் ஆண்டவர் சொன்ன ஏழு வார்த்தைகளில் நான்காம் வார்த்தை முடிந்ததும் ‘இரத்தங் காயங் குத்தும்’ பாடுவது எங்கள் வழக்கம். போன வருஷம் முதல் அடியை மட்டும் வாசித்துக் காட்டிவிட்டுத் தொடங்கினேன். பாதிப்பேர் சேரவே இல்லை. சேர்ந்தவர்களும் இழுத்துப் பாட, மூன்றாவது சரணத்தில் நான் ஒரு இடத்திலும் சபை இன்னொரு இடத்திலும் நின்றோம். ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, இந்த ராகம் ரொம்ப இழுவை, வேறு ராகத்துக்கு மாற்றிவிடலாம் என்று இரண்டு மூன்று பேர் சொன்னார்கள்.

எனக்கு மாற்ற மனசு வரவில்லை. அப்பா தவறிய அன்றைக்கு இரவு வீட்டில் உட்கார்ந்து நாங்கள் பாடியது இந்தப் பாட்டுதான். ஆர்கன் இல்லை, அத்தை எடுத்துக்கொடுத்தார்கள், எல்லோரும் பாடினோம். அன்றைக்கு அது இழுவையாக இல்லை.

இந்த ராகத்தைப் போட்டது யார்? இதை வைத்து ஆர்கனுக்கு எழுதிய இசை ஏதாவது காலில் சுரக்கட்டை இல்லாமல் வாசிக்கிற மாதிரி இருக்கிறதா? சபையை எப்படிச் சேர்த்துக்கொண்டு போவது? இன்னொன்று, நடு ஸ்தாயியில் ஒரு கட்டை பனி நாளில் கீழேயே நின்றுவிடுகிறது. அதற்கும் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

பதில் — கொடைக்கானல் கீபோர்டு

அக்கா, இது ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் போட்ட ராகம் என்றுதான் எங்கள் கொயரில் சொல்லிக்கொடுத்தார்கள். அவருடைய ‘மத்தேயு பாடுகள்’ இசையில் வருகிறதே. நாங்கள் கீபோர்டில் ஸ்டிரிங்ஸ் வைத்து வாசிக்கிறோம், ஒரு சுரம் கீழே இறக்கிக்கொள்வோம். ஆண்கள் அதிகம் இருந்தால் அது உதவும். முன்னால் வாசிப்பது பற்றி எனக்கு அனுபவம் இல்லை. நாங்களும் கடைசி அடியை வாசித்துத் தொடங்கிவிடுவோம்.

பதில் — குன்னூர் பழைய ஆர்கனிஸ்ட்

அம்மா, உங்கள் கேள்வியை நேற்று இரவே படித்தேன். பதிலைத் தாளில் எழுதிவைத்து, இன்று பேத்தியிடம் கொடுத்துத் தட்டச்சு செய்யச் சொன்னேன். நீளமாகத்தான் இருக்கும். 38 வருஷம் வாசித்தவன், இந்த ராகத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்ல எனக்கு வராது.

கொடைக்கானல் தம்பிக்கு முதலில் ஒன்று. ராகம் பாக் போட்டது அல்ல. பாக் பிறந்தது 1685-ல். இந்த ராகம் அச்சில் வந்தது 1601-ல். போட்டவர் ஹான்ஸ் லியோ ஹாஸ்லர். நூர்ன்பெர்க்கில் பிறந்து, வெனிஸுக்குப் போய் அந்திரேயா கப்ரியேலியிடம் படித்தவர். அவர் போட்டபோது இது கோயில் பாட்டாகவே இல்லை. ஒரு பெண்ணை நினைத்து என் மனம் கலங்கிக் கிடக்கிறது என்று ஐந்து குரலுக்கு எழுதிய காதல் பாட்டு. ஐந்து சரணங்களின் முதல் எழுத்துகளைக் கோத்தால் ‘மரியா’ என்று பெயர் வரும். பன்னிரண்டு வருஷம் கழித்து, 1613-ல், கிறிஸ்டோஃப் க்னோல் என்ற போதகர் எழுதிய சாவுப் பாட்டுக்கு இந்த ராகத்தை எடுத்துக்கொண்டார்கள். அது கொள்ளைநோய்க் காலத்தில் எழுதிய பாட்டு, நல்ல முடிவுக்காக ஏங்குகிறேன் என்பது அதன் பொருள். அப்புறம் பால் கெர்ஹார்ட், சிலுவையில் தொங்கும் ஆண்டவரின் தலையைப் பார்த்துப் பாடும் பழைய லத்தீன் பாட்டை ஜெர்மனில் ஆக்கினார். 1656-ல் அது இதே ராகத்தோடு சேர்ந்தது. நாம் தமிழில் பாடுவது அந்தப் பாட்டைத்தான்.

காதல், சாவு, சிலுவை. மூன்றையும் ஒரே ராகம் தாங்கியிருக்கிறது. அதனால்தான் உங்கள் அப்பா தவறிய இரவிலும் அது வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது. மாற்றாதீர்கள்.

இழுவை என்கிறார்களே, அதற்குக் காரணம் இருக்கிறது. ஹாஸ்லர் எழுதியது நீளமும் குறுகலும் மாறி மாறி வரும் நடை, பேசுகிற மாதிரி போகும். லூத்தர் காலத்து ராகங்களும் அப்படித்தான். அவருடைய ‘ஐன் ஃபெஸ்ட புர்க்’ ராகத்தைப் பழைய நடையில் கேட்டுப் பாருங்கள், கிட்டத்தட்ட துள்ளும். பிற்காலத்தில் பெரிய சபைகள் பாடப் பாட எல்லாச் சுரமும் ஒரே அளவாகிவிட்டது. பாக் காலத்தில் இந்தச் சம அளவு நடைதான் வழக்கம், நம் புத்தகத்திலும் அதுதான் வந்திருக்கிறது. அதைத் தப்பு என்று நான் சொல்லமாட்டேன், அதற்கென்று ஒரு கனம் உண்டு. ஆனால் சம அளவு என்பதற்காக ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனி மூட்டையாகத் தூக்கி வைக்கக் கூடாது.

முதல் அடியைக் கையில் எடுத்துக்கொள்வோம். ‘ச’வை நடு சி-யில் வைத்தால் ராகம் க, த, ப, ம, க, ரி, க. ஏழு சுரம். சொல்லைப் பாருங்கள்: இ, ரத், தங், கா, யங், குத், தும். ஏழு அசை. ‘இ’ தாளத்துக்கு வெளியே, எட்டெடுத்து வைக்கிற கால் மாதிரி. அடி விழுவது ரத், கா, குத் மேல். மூன்றும் கனமான அசை. மொழிபெயர்த்தவர்கள் காதைத் தீட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார்கள். போன வருஷம் பாதிப்பேர் சேராததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்: ‘இ’யை நீங்கள் அழுத்தி வாசித்திருப்பீர்கள். அழுத்தினால் பாட்டு அங்கேயே தொடங்கிவிட்டது என்று ஒரு கூட்டமும், இனிமேல்தான் என்று இன்னொரு கூட்டமும் நிற்கும். ‘இ’யை லேசாகத் தொடுங்கள், ‘ரத்’தில் இறங்குங்கள். மொத்த அடியும் ஒரே மூச்சு. அடி முடிவில் அரைவட்டமும் புள்ளியும் போட்டிருப்பார்களே, அதை நீளமாக இழுக்கச் சொல்லும் குறி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே சபை மூச்சு வாங்குகிறது, நீங்களும் அவர்களோடு வாங்குங்கள்.

ஆர்கனிஸ்டுகள் மறந்துவிடுகிற ஒரு சங்கதி: லூத்தர் காலத்தில் சபை பாடும்போது ஆர்கன் கூட வாசிக்கவே இல்லை. 1524-ல் எட்டே பாட்டுகளோடு முதல் பாட்டுப் புத்தகம் வந்தது. அதே வருஷம் விட்டன்பெர்க்கில் யோஹான் வால்ட்டர் பாடகர் குழுவுக்குப் பல குரலில் ஒரு புத்தகம் போட்டார். அதில் பெரும்பாலும் ராகம் நடுவில், டெனர் குரலில் ஒளிந்திருக்கும். சபையார் ஆர்கன் இல்லாமல் பாடினார்கள். ஆர்கன் ஒரு சரணம், சபை ஒரு சரணம் என்று மாற்றி மாற்றியும் நடக்கும். 1586-ல் லூக்காஸ் ஒசியாண்டர் என்பவர் ராகத்தை மேல் குரலுக்குத் தூக்கி வைத்தார், சபை சேர்ந்து பாட வேண்டும் என்பதற்காகவே. அதற்குப் பிறகுதான் ஆர்கன் கொஞ்சம் கொஞ்சமாகச் சபையின் பாட்டுக்குத் துணையாக வந்தது. 1650-ல் சாமுவேல் ஷைட் 100 ராகங்களை நான்கு குரலில் எழுதி ஆர்கனிஸ்டுகளுக்கு அச்சிட்டுக் கொடுத்தார். ஆக, பாட்டு முதலில், ஆர்கன் பிறகு. உங்கள் அத்தை எடுத்துக்கொடுத்துப் பாடினீர்களே, அதுதான் மூத்த முறை.

முன்னால் வாசிக்கும் இசையும் அப்படிப் பிறந்ததுதான். ஜெர்மன் சபைப் பாட்டைக் கோரல் என்பார்கள், அதற்கு முன்னால் வாசிப்பது கோரல் பிரெலூட். அலங்காரம் அதற்கு அப்புறம், முதல் வேலை சபையின் காதில் ராகத்தை வைப்பது. எர்ஃபுர்ட்டில் இருந்த பாகெல்பெல் இதில் பெரிய ஆசான். ஒவ்வொரு அடியையும் முதலில் சின்னச் சுரங்களாக ஒரு குரல் சொல்லும், இன்னொரு குரல் அதையே திருப்பிச் சொல்லும், அப்புறம்தான் அசல் ராகம் நீளச் சுரத்தில் வரும். கேட்கிறவனுக்கு அதற்குள் ராகம் பழகிவிடும். 1683-ல் கொள்ளைநோயில் அவர் மனைவியும் கைக்குழந்தையும் போய்விட்டார்கள். அந்த வருஷமே சாவைப் பற்றிய கோரல்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் வரிசையாக மாறுபாடுகள் எழுதி வெளியிட்டார். மெல்கியோர் வுல்பியுஸ் 1609-ல் போட்ட ‘கிறிஸ்துவே என் ஜீவன்’ ராகத்துக்கு அவர் எழுதிய மாறுபாடுகள் இன்றும் இருக்கின்றன. கை மட்டும் போதும். லெந்து நாட்களில், அதாவது ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில், காணிக்கை நேரத்தில் வாசிக்க அதைவிட நல்லது எனக்குத் தெரியாது.

பாக்கிடம் வருவோம். அவரும் முதலில் சபையைக் குழப்பினவர்தான். ஆர்ன்ஸ்டாட்டில் இளம் ஆர்கனிஸ்டாக இருந்தபோது, லூபெக்கில் பூக்ஸ்தஹூடே என்ற பெரிய ஆர்கனிஸ்ட் வாசிப்பதைக் கேட்க ஏறக்குறைய 400 கிலோமீட்டர் நடந்து போனார். நான்கு வாரம் விடுப்பு வாங்கிவிட்டு நான்கு மாதம் போல இருந்துவிட்டார். திரும்பி வந்ததும், 1706 பிப்ரவரியில், சபைப் பெரியவர்கள் கூப்பிட்டுக் கண்டித்தார்கள். கோரலுக்குள் விசித்திரமான மாறுதல்களும் அந்நியச் சுரங்களும் கலக்கிறாய், சபை குழம்புகிறது என்று பதிவேட்டிலேயே எழுதினார்கள். அப்போது அவருக்கு 20 வயது. அதே 1706 ஜூலையில்தான் மிஷனரிகள் சீகன்பால்கும் புளூட்சாவும் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். அங்கே பாக் திட்டு வாங்கிய அதே கோரல் ராகங்கள் சில ஆண்டுகளுக்குள் இங்கே தமிழ்ச் சொல்லோடு ஒலிக்கத் தொடங்கிவிட்டன. பின்னால் பப்ரிசியஸ் ஐயர் ஜெர்மன் பாட்டுகளை ராகம் கெடாமல் தமிழாக்கியதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

மத்தேயு பாடுகளில் இந்த ராகம் ஐந்து முறை வருகிறது. ராகம் அதேதான், கீழே இருக்கும் சுருதிச் சேர்க்கை ஒவ்வொரு தடவையும் சொல்லுக்கு ஏற்ப மாறும். 1734 கிறிஸ்துமஸ் ஒரட்டோரியோ முடிவதும் இதே ராகத்தில்தான், அங்கே டிரம்பெட்டோடு. துக்க ராகம் என்று யாராவது சொன்னால் அதைப் போட்டுக் காட்டுங்கள்.

ஆர்கனுக்கு மட்டும் பாக் எழுதியது அவர் படைப்பு வரிசையில் 727-ம் எண். ஒரு பக்கத்துச் சமாச்சாரம். ராகம் வலது கையில் நெளிவு சுளிவோடு போகும், மற்ற மூன்று குரலும் இடது கையிலும் காலிலும். உங்களுக்குக் காலில் சுரக்கட்டை இல்லை என்பதால், இடது கையில் அடிக் குரலையும் ஆல்டோவையும் வைத்துக்கொள்ளுங்கள், எட்டாத இடத்தில் டெனரை விட்டுவிடுங்கள். நான் அப்படித்தான் வாசித்தேன். பிராம்ஸ் என்ற ஜெர்மன் இசையமைப்பாளரும் தன் கடைசிக் காலத்தில், 1896-ல், பதினொரு கோரல் பிரெலூட் எழுதினார். இந்த ராகத்துக்கு அதில் இரண்டு உண்டு. இரண்டாவதில் ராகமே காலில் இருக்கிறது, அது உங்களுக்கு வேண்டாம். முதலாவதைப் பாருங்கள், ஆனால் அதில் ராகம் அலங்காரத்துக்குள் மறைந்து போகும். சபையைச் சேர்க்க அது உதவாது. ஆராதனை முடிந்து எல்லோரும் பேசாமல் வெளியே போகும்போது வாசியுங்கள்.

இனி உங்கள் ஆர்கன். கால்மிதி ஆர்கனில் ஸ்டாப் நடு ஸ்தாயியோடு இரண்டாகப் பிரியும், மேல் பாதிக்கு ஒன்று, கீழ் பாதிக்கு ஒன்று. பலர் இரண்டையும் சேர்த்தே இழுத்துவிடுகிறார்கள். இந்த ராகத்தை நான் சொன்ன இடத்தில் வைத்தால் எல்லாச் சுரமும் மேல் பாதியிலேயே விழும். மேல் பாதிக்கு இரண்டு ஸ்டாப், கீழ் பாதிக்கு மெலிந்த ஒன்று மட்டும். உடனே ராகம் தனிக் குரலாக எழும்பும், இரண்டு அடுக்குக் கட்டை இருக்கிற ஆர்கன் போல. நடுங்கும் ஸ்டாப்பைத் தொடாதீர்கள், பெரிய வெள்ளியில் அது ஒப்பாரி ஆகிவிடும்.

கட்டைக்கு வருகிறேன். அமுக்கிய கட்டை கீழேயே நின்றால் ஈரத்தில் மரம் ஊதியிருக்கிறது. கட்டை மேலே வந்த பிறகும் சத்தம் நிற்காவிட்டால் உள்ளே காற்றுவாய் மூடியில் தூசி. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. உங்களுடையது முதல் வகை. எண்ணெய் விடவே கூடாது. உரசும் இடத்தில் பென்சில் கரியைத் தூளாக்கித் தேயுங்கள். உள்ளே துணி, தோல் எதிலும் படாத மூலையில் ஒரு சின்ன குண்டு பல்பு எரியட்டும். குன்னூரில் நாங்கள் வருஷம் முழுக்க எரியவிட்டோம். கோத்தகிரியில் உங்களுக்கு அக்டோபர், நவம்பர் மழைதான் பெரிது, அந்த இரண்டு மாதமும் அப்புறம் பனி நாட்களும் கட்டாயம். எலி வராமல் பின்பலகையை மூடிவையுங்கள். ஒரு தடவை காற்றுப்பையை எலி கடித்துவிட்டது, ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை. மறுநாள் விடிகாலை ஆராதனையை ஆர்கன் இல்லாமல் பாடினோம். நன்றாகத்தான் பாடினார்கள்.

பதில் — கேத்திக்காரி

ஐயா எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். என் ஆத்தா கேத்தியில் வளர்ந்தவர்கள். பாசல் மிஷன் 1846-ல் வந்து இறங்கிய ஊர், அதனால் ஜெர்மன் ராகங்கள் எங்கள் வீட்டில் அடுப்படி வரைக்கும் உண்டு. யார் போட்டது என்று தெரியாமலேயே முணுமுணுப்பார்கள்.

டீச்சருக்கு ஒன்று சேர்க்கிறேன். ஹாஸ்லரோடு நிறுத்தாமல் யோஹான் க்ரூகரையும் பாருங்கள். பெர்லின் நிக்கோலாய் கோயிலில் 1622 முதல் சாகும்வரை, 40 வருஷம், பாட்டுத் தலைவராக இருந்தவர். ‘நுன் டாங்கெட்’ ராகம் 1647-ல் வந்த அவருடைய பாட்டுப் புத்தகத்தில் இருக்கிறது, ‘யேசு மைன ஃப்ராய்ட’ 1653. முப்பதாண்டுப் போர் நடுவில் இருந்த ஊரில் உட்கார்ந்து, சாதாரண ஜனங்களால் பாட முடிகிற எல்லைக்குள்ளேயே ராகம் போட்டிருக்கிறார். பெரிய தாவல் இருக்காது, அடுத்தடுத்த படியாகவே போகும். குளிரில் தொண்டை கட்டியவர்கள்கூடப் பாடலாம். பிலிப் நிக்கொலாய் ஊன்னா என்ற ஊரில் போதகராக இருந்தபோது கொள்ளைநோய். 1,300 பேருக்கு மேல் அடக்கம். அந்த நாட்களில் எழுதியவைதான் 1599-ல் வெளிவந்த ‘வாகெட் அவுஃப்’, விடிவெள்ளிப் பாட்டு இரண்டும். சொல்லும் ராகமும் அவருடையதே. ‘வாகெட் அவுஃப்’ ராகத்தைப் பாக் ஆர்கனில் எப்படி வைத்திருக்கிறார் என்றால், வேறொரு ராகம் தன்பாட்டுக்கு நடந்து போய்க்கொண்டிருக்கும், நடுவில் அசல் கோரல் அமைதியாக வந்து சேரும். கிறிஸ்துமஸுக்கு முந்தின அட்வெந்து வாரங்களுக்கு முயன்று பாருங்கள்.

பதில் — கோத்தகிரி டீச்சர்

ஐயா, அக்கா, தம்பி, எல்லோருக்கும் நன்றி.

நேற்று சாயங்காலம் கோயில்பிள்ளையிடம் சாவி வாங்கிக்கொண்டு போய்த் தனியாக உட்கார்ந்தேன். ‘இ’யை அழுத்துகிறேன் என்று ஐயா சொன்னது உண்மை. கையைக் கவனித்த பிறகுதான் தெரிந்தது. மேல் பாதிக்கு டயபேசனும் வயோலாவும், கீழே மெலிந்த ஒன்று மட்டும் என்று வைத்துப் பார்த்தேன். இத்தனை வருஷம் இந்த ஆர்கனுக்குள் இந்தக் குரல் இருந்தது எனக்குத் தெரியாது.

727 எனக்கு இன்னும் வரவில்லை. அதனால் பாகெல்பெல் வழியில் ஒன்று செய்தேன். க, த, ப, ம, க, ரி, க என்பதை இடது கையில் தனியாக, நான்கு சுரம் கீழே தள்ளி. அது முடியும் முன்பே வலது கை அதே அடியை அதன் சொந்த இடத்தில். அப்புறம் முழு ராகமும் ஒரு தடவை, மூச்சோடு. இன்று கொயர் பயிற்சியில் யாரிடமும் சொல்லாமல் வாசித்தேன். எடுத்துக்கொடுக்காமலேயே எல்லோரும் ‘ரத்’தில் ஒன்றாக இறங்கினார்கள். ஆறாவது அடியில் மட்டும் பெண்கள் குரல் பின்னால் தங்குகிறது.

பல்பு போட்டாகிவிட்டது. கட்டை இன்று மேலே வந்தது.

ஒரே ஒரு சந்தேகம் ஐயா. கடைசிச் சரணம் முடியும் இடத்தில் என் ஆர்கன் எப்போதும் நடுங்கி நிற்கிறது. உள்ளே சத்தம் எழுப்பும் ரீடு பழுதா?

பதில் — குன்னூர் பழைய ஆர்கனிஸ்ட்

ரீடு நன்றாகத்தான் இருக்கும் அம்மா. கடைசிச் சுரத்தில் நீங்கள் பாட்டோடு சேர்ந்து காலையும் நிறுத்திவிடுகிறீர்கள். உள்ளே காற்றை இழுக்கும் விசை குறைந்ததும் சத்தம் நடுங்கித் தேயும். கடைசிச் சுரத்தில் சபை நிற்கிற வரைக்கும் இரண்டு காலும் ஒரே சீராக நடக்கட்டும். முதலில் கையை எடுங்கள், பிறகு காலை.

ஆறாவது அடிக்கு முன்னால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக மூச்சு கொடுங்கள். அவர்கள் வந்துவிடுவார்கள்.